டத்தோ வந்திருக்கிறார்

டத்தோ வெயில் ஏறிய பிறகுதான் வருவார் என்று மேனேஜர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் ரெனீ கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு, காலைப் பனியில் சாவகாசமாகத் தேயிலை மலையை இறங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் அவர் ஏற்கெனவே வந்துவிட்டாராம்.

சொன்னவர் அலாங். தோட்டத்தில் களைமருந்து அடிக்கும் ஒராங் அஸ்லிக்காரர், இந்த மலையின் பூர்வகுடி, காட்டோரத்துக் கம்போங்கில் குடியிருப்பவர். கீழேயிருந்து மூச்சிரைக்க ஏறி வந்தவர் அவளைக் கண்டதும் நின்று, "டத்தோ அடா டி பாவா. டியாம்," என்றார் மலாயில். டத்தோ கீழே இருக்கிறார், சத்தம் போடாதே. அவ்வளவுதான். மேலே போகும்போது கையை வேறு ஆட்டிவிட்டுப் போனார். போய்வருகிறேன் என்கிறார் போல என்று இவளும் கையை ஆட்டினாள். கூடவே வா என்று கூப்பிட்டிருக்கிறார் மனுஷர். அது பிறகுதான் விளங்கியது.

அவள் தலைக்குள் அன்றைக்கு ஒரே ஒரு டத்தோதான் இருந்தார். சுல்தானிடம் பட்டம் வாங்கிய கம்பெனித் தலைவர். சுற்றுலாக்காரர்களுக்காகத் தோட்டம் புதிதாக வெட்டிய நடைபாதையை, கீழே ஆற்றோரத் தண்ணீர் பம்பு வீட்டருகில், ரிப்பன் வெட்டித் திறக்க வருகிறார். படம் எடுப்பதாக இருந்த பிரிஞ்சாங் டவுன் போட்டோக்காரர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். மேனேஜர் ஆபீசில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, "சார், என்கிட்ட டிஎஸ்எல்ஆர் கேமரா இருக்கு," என்று கணக்கு எழுதும் சின்னக் கிராணியான ரெனீயேதான் வாயைக் கொடுத்தாள். படமும் வேண்டும், வீடியோவும் வேண்டும் என்றார் அவர். இரண்டும் வரும் என்றாள்.

வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு வருஷம் யோசித்தாள். கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பவர்கள்கூட அவ்வளவு அலசமாட்டார்கள். புது ரகக் கேமராக்களில் கண்ணாடி கிடையாது, சின்னத் திரையைத்தான் பார்க்க வேண்டும். டிஎஸ்எல்ஆரில் உள்ளே ஒரு கண்ணாடி இருக்கிறது. கண்ணை வைத்தால் லென்ஸ் பார்ப்பதை அப்படியே நேராகப் பார்க்கலாம், பேட்டரி செத்தாலும் பார்க்கலாம். குளிரில் கையுறை போட்டுப் பிடிக்க நல்ல தடித்த உடம்பு. அதற்கெல்லாம் மேலாக அந்தச் சத்தம். பட்டனை அழுத்தினால் கண்ணாடி மேலே போய்க் கீழே விழும், 'டக்'. கடையில் நின்றுகொண்டு அந்த 'டக்'கை அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். பழைய கேமராதான், கூடவே தூரத்தை இழுக்கும் நீள லென்சும் கிடைத்தது.

அவள் புருஷன் மார்க் திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவன். கேமராவைப் பார்த்ததும், போனிலேயே எல்லாம் எடுக்கலாம், கழுத்தில் கல்லைக் கட்டிக்கொண்டு திரியப் போகிறாயா என்று கேட்டான். இவள் சும்மா இருந்திருக்கலாம். உங்கள் லோரிக்கு எதற்கு அத்தனை கலர் விளக்கு என்று கேட்டுவிட்டாள். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. சாப்பாடு மேசைக்கு வரும், தட்டு கழுவப்படும், வீட்டில் ஒரு சொல் கிடையாது.

இப்போது அவள் ஓடினாள். டத்தோ வந்து நிற்கிறார், படம் எடுக்க ஆள் இல்லை, மேனேஜர் முகம் எப்படி இருக்கும் என்று நினைக்க நினைக்கக் கால் பின்னியது. ஓட்டத்திலேயே கேமராவை முடுக்கினாள். பேட்டரிக் குறி சிவப்பாக மினுக்கியது. மாற்று பேட்டரி வீட்டில் சார்ஜரிலேயே கிடக்கிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்து, தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

பம்பு வீட்டுக்கு மேலே கடைசி வளைவில் நின்றாள். பனி அடர்ந்திருந்தது. பம்பு வீட்டுக் கூரை தெரிந்தது, சுவர் தெரியவில்லை. அங்கே காரும் இல்லை, ஆள் சத்தமும் இல்லை. ஆனால் சுவரோரமாக யாரோ குனிந்து எதையோ பார்ப்பது மங்கலாகத் தெரிந்தது. பழுப்பு மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட பாத்தேக் சட்டை. பெரிய மனிதர்கள் விழாவுக்குப் போட்டு வருவார்களே, அந்தச் சட்டைதான். அவசரமாகக் கண்ணைக் கேமராவில் வைத்து லென்சை முழுக்க இழுத்தாள். பட்டனைப் பாதி அழுத்தினாள். லென்சுக்குப் பனியில் பிடி கிடைக்கவில்லை. முன்னும் பின்னும் உறுமி உறுமித் தேடி, கடைசியில் எதிலோ போய் நின்றது.

டக்.

பாத்தேக் சட்டை தலையைத் திருப்பிப் பார்த்தது.

ரெனீ இதே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். மலையில் வேலை செய்கிற யாரும் புலியைப் புலி என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வந்து நிற்குமாம். அஸ்லிக்காரர்கள் மரியாதையாக டத்தோ என்பார்கள். தாத்தா என்று அர்த்தம். பட்டத்துக்கும் அதே சொல்தான். அவர்களிடம் கேட்டு தொழிலாளர் லைன் வீட்டுத் தமிழர்களும் மலைக்குள் டத்தோ என்றே சொல்லிப் பழகியவர்கள். சின்ன வயதில் விறகு பொறுக்கப் போனபோது அவளே சொல்லியிருக்கிறாள். ஆபீசில் ஏறி உட்கார்ந்த பிறகு எல்லாம் மறந்துவிட்டது, பாருங்கள். அலாங் எந்த டத்தோவைச் சொன்னார் என்பது இப்போது உச்சந்தலையில் இறங்கியது.

பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதற்கும் நடுவில் ஒரு லைன் வீட்டு நீளம்கூட இருக்காது. ஓடக்கூடாது என்று தெரியும், ஓடவும் முடியாது. கேமராவை இறக்கவும் பயமாக இருந்தது. இறக்கினால் பனியில் அது எங்கே நிற்கிறது என்று தெரியாமல் போகும். கண்ணாடி வழியாகத் தெரியும் மட்டும் பார்த்துக்கொண்டே இருப்போம் என்று நின்றாள். விரலைப் பட்டனிலிருந்து மெதுவாக எடுத்தாள். ஆசைப்பட்டு வாங்கிய அந்த 'டக்' இன்னொரு தரம் கேட்டால் உயிர் போய்விடும் போலிருந்தது. இருட்டாக இருந்தால் கேமராவின் ஃப்ளாஷ் தானாகவே நிமிர்ந்து வெட்டுமே, அதுவும் நினைவுக்கு வந்தது.

புலி அவளைப் பார்த்தது, பிறகு காதைத் திருப்பியது. வேறெதையோ கேட்கிறது. அவளுக்கும் கேட்டது. கீழ்ப்பாதையில் பூட்ஸ் சத்தம்.

பனிக்குள்ளிருந்து மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று வந்தது. மார்க்.

மார்க் வழக்கமாக ஒரு மலைக்கு அப்பாலிருந்தே "ரெனீ, ஓய்" என்று கத்திக்கொண்டு வருகிறவன். அவன் வருகிறான் என்றால் காட்டுப்பன்றிகூட முன்கூட்டியே ஒதுங்கிவிடும். இன்றைக்குக் கோபத்தில் இருக்கிறான் அல்லவா, வாயைத் திறக்காமல் வருகிறான். கையில் கறுப்பாக ஏதோ சின்னப் பொருள். லென்ஸ் அதையும் இழுத்துக் காட்டியது. கேமரா பேட்டரி. சார்ஜரில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, பேசாவிட்டாலும் போகட்டும் என்று எடுத்துக்கொண்டு புறப்பட்டு வந்திருக்கிறான். அவனுக்கும் பம்பு வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு புதர்தான் மறைப்பு. இன்னும் கொஞ்ச தூரம் வந்தால் போதும்.

பதற்றத்தில் அவள் கட்டைவிரல் எதையோ தள்ளியது, எதையோ அழுத்தியது. உள்ளே கண்ணாடி தட்டென்று மேலே போனது. கண் முன்னால் முழு இருட்டு. புலியும் இல்லை, மார்க்கும் இல்லை. பேட்டரி செத்தாலும் பார்க்கலாம் என்றுதானே இதை வாங்கினேன் என்று ஒரு கணம் கேமராமேல் கோபம்கூட வந்தது. பிறகு வந்ததெல்லாம் பயம்தான். உதடு எதையோ முணுமுணுத்தது. என்ன சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெறுங்கண்ணால் பார்த்தாள். புலி வயிற்றைத் தரையோடு தாழ்த்தியிருந்தது. முகம் மார்க் வரும் பக்கம்.

"மார்க், நில்லுங்க."

அவன் நின்றான். மேலே பார்த்தான். பேச்சை முதலில் எடுத்தவள் அவள்தான் என்ற திருப்தி அவன் முகத்தில் தெரிந்ததோ என்னவோ, "என்ன?" என்று மட்டும் கேட்டான்.

மலைக்குள் சொல்லக்கூடாத சொல்லைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பழகிய சொல்தான் வந்தது.

"டத்தோ இருக்காரு."

கெட்டது கதை. மார்க் சட்டென்று தொப்பியைக் கழற்றினான். மழைக்கோட்டுப் பட்டனைப் போட்டான். தலைமுடியைக் கையால் அழுத்திவிட்டு, பெரிய மனிதர் முன்னால் நிற்கும்போது வரும் அந்தச் சங்கடச் சிரிப்போடு புதரைச் சுற்றி முன்னால் வரக் காலெடுத்து வைத்தான்.

ரெனீயின் அடிவயிற்றிலிருந்து அந்தச் சொல் கிளம்பியது. பிறந்ததிலிருந்து மலைக்குள் அவள் ஒரு தடவைகூடச் சொல்லாத சொல்.

"புலி!"

மலை முழுக்க அது கேட்டிருக்கும். மார்க் எடுத்த காலை அப்படியே நிறுத்தினான். சிரிப்பு முகத்திலேயே உறைந்து நின்றது. இப்போது அவனுக்கும் தெரிந்துவிட்டது. புலி அவனைப் பார்த்தது, திரும்பி அவளைப் பார்த்தது. தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் இவள்தானா என்று கேட்கிற மாதிரி, ரெனீயைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தது. என்னையே எடுத்துக்கொள்ளட்டும் என்று அவள் நினைத்தாளா, ஐயோ நான் வேண்டாம் என்று நினைத்தாளா, இரண்டையும் நினைத்தாள். மேலே ஆபீஸ் பக்கமிருந்து ஜீப் ஹாரன் விடாமல் அலறியது. அலாங் போய்ச் சொல்லியிருக்கிறார். புலி நிமிர்ந்து, ஒன்றும் அவசரமில்லை என்பதுபோல ஆற்றைத் தாண்டிக் காட்டுக்குள் போனது.

அதன் பிறகும் இருவரும் ஜீப் வரும்வரை நின்ற இடத்திலேயே நின்றார்கள். மார்க் ஏறி வந்து பேட்டரியை நீட்டினான். அவள் செத்ததைக் கழற்றிச் சுவெட்டர் பையில் போட்டாள். புதியதைக் கேமராவில் போடத் தெரியாமல் தலைகீழாகச் செருகிக்கொண்டிருந்தாள்.

விழா ஆபீஸ் வாசலுக்கு மாற்றப்பட்டது. உண்மையான டத்தோ வந்தார். அவரும் பாத்தேக் சட்டையில்தான் வந்தார். ரெனீ அவரைப் படமெடுத்த ஒவ்வொரு 'டக்'குக்கும் அவளே திடுக்கிட்டாள். பாதிப் படங்கள் ஆடித்தான் போயின.

சாயங்காலம் லைன் முழுக்க அவர்கள் வீட்டு வாசலில் கூடிவிட்டது. புலிப் படத்தைக் காட்டு என்று ஒரே நச்சரிப்பு. படம் ஒன்றுதான் இருந்தது. அதில் முன்னால் நின்ற தேயிலைச் செடி இலை இலையாக, நரம்புகூடத் தெளிவாக விழுந்திருந்தது. பின்னால் பழுப்பாக ஒரு தீற்றல். லென்ஸ் தேடித் தேடிப் பிடித்தது செடியைத்தான். பக்கத்து வீட்டுத் தங்கம்மா உற்றுப் பார்த்துவிட்டு, யாரோ சட்டையைக் காயப்போட்ட மாதிரி இருக்கே என்றாள். சிரித்துக்கொண்டு கலைந்துபோனார்கள்.

மார்க்தான் கார்டில் ஒரு வீடியோவும் இருப்பதைக் கண்டுபிடித்தான். கட்டைவிரல் தள்ளியது வீடியோ விசையை, அழுத்தியது பதிவுப் பட்டனை. அதனால்தான் கண்ணாடி மேலே போய் இருட்டியிருக்கிறது. பேட்டரி சாகும்வரை அது பாட்டுக்குப் பதிந்திருக்கிறது.

ஓட விட்டான். திரையில் ஒன்றுமே இல்லை. முதலில் வெறும் பனி, பிறகு அவள் சுவெட்டரின் கம்பளி. ஆனால் கேமரா நெஞ்சிலேயே இருந்ததால் குரல் பக்கத்தில் கேட்டது. மூச்சு ஏறி இறங்குகிறது. பிறகு கிசுகிசுப்பாக அவள் குரல். பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே என்று தொடங்கி, அடுத்த வரி மறந்துபோய், பாதியில் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"டத்தோ, அவரு என் வீட்டுக்காரரு. கோவத்துலதான் சத்தம் போடாம வராரு, உங்களப் பயமுறுத்த இல்ல. அவர விட்டுருங்க டத்தோ. இந்தக் கேமராவ வேணா எடுத்துக்கிங்க. நான் வேற எதுவும் ஆசப்பட மாட்டேன்லா. அவர மட்டும் விட்டுருங்க."

ரெனீக்கு வெட்கம் தாங்கவில்லை. நிறுத்தச் சொல்லிக் கையை நீட்டினாள். மார்க் கொடுக்கவில்லை. அவள் கத்திய "நில்லுங்க"வும், அவனுடைய முறைப்பான "என்ன?"வும், தொப்பியைக் கழற்றிய நேரத்து அமைதியும், அந்த ஒற்றைச் சொல்லும் முடியும்வரை கேட்டான். திரை கறுத்தது.

"கேமராவையே குடுத்துர்றேன்னு சொல்லியிருக்க," என்றான்.

"ஆமா."

"ஒரு வருஷமாப் பாத்து வாங்குனது."

"ஆமா," என்று மறுபடியும் சொன்னாள் ரெனீ. அப்போதுதான் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த நடுக்கம் முழுசாகக் கிளம்பியது. உட்கார்ந்த இடத்தில் பல் கிட்டியது. மார்க் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவள்மேல் போட்டான். பிறகு எழுந்துபோய், மேசைமேல் கிடந்த செத்த பேட்டரியை எடுத்துத் துடைத்து, சார்ஜரில் போட்டான். போட்டுவிட்டு, பத்தடிகூட இல்லாத அடுப்படியிலிருந்து, மலைக்கு அப்பால் கேட்கிற மாதிரி கூப்பிட்டான்.

"ரெனீ, ஓய். நான் இங்கதான் இருக்கேன்."