இரண்டு சுற்று

"டேய், உள்ள உங்கப்பன் கிடக்கான். நீ இங்க ஸ்பேனரப் புடிச்சிட்டு உக்காந்திருக்க?"

பெரியப்பாவின் நிழல் கார்புரேட்டர் மேல் விழுந்தது. அவன் நிமிரவில்லை.

"வெளிச்சத்த மறைக்காதீங்க."

வீட்டின் பின்சுவரில் பைக் சாய்ந்திருந்தது. ஹேண்டில் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தது. பின்சக்கரம் சக்கரமாகவே இல்லை. நேற்றுக் காலை பெரிய சாலையில் திரும்புவதற்காக அப்பா நடுவில் நின்றபோது எஞ்சின் அணைந்துவிட்டது. ஒரு முறை உதைத்தாராம். இரண்டாம் முறை உதைத்தாராம். மூன்றாவது உதைக்குள் பின்னாலிருந்து லாரி வந்துவிட்டது. பார்த்தவர்கள் சொன்னது இவ்வளவுதான். அதன்பிறகு வீட்டுக்கு வந்த எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். வண்டியை யார் ரிப்பேர் பார்த்தது?

அவன்தான். பழைய கார்புரேட்டர் தேய்ந்து பெட்ரோலை ஒழுகவிட்டது. புதிது வாங்க வழியில்லை. பழைய பார்ட்ஸ் கடையில் வேறு மாடல் வண்டியினுடையது ஒன்று கிடைத்தது. போல்ட் ஓட்டைகள் பொருந்தவில்லை; அரத்தால் ராவி அகலப்படுத்தினான். இணைப்பில் கசியாமலிருக்க, செருப்புப் பெட்டி அட்டையில் கேஸ்கட் வெட்டினான். பெட்ரோல் வரும் ஜெட்டை மட்டும் பழையதிலிருந்து கழற்றிப் போட்டான். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. எல்லாம் சரியான பிறகும் ஆக்சிலேட்டரை விட்டால் எஞ்சின் அணைந்தது. அதனால் ஐட்லிங் திருகை உள்ளே முறுக்கி, வண்டி சும்மா நிற்கும்போதும் எஞ்சின் வேகமாக ஓடும்படி வைத்தான். யாராவது திருகை அசைத்தால் தெரியட்டும் என்று அதன்மேல் வெள்ளைப் பெயிண்டில் ஒரு பொட்டு. "இதத் தொடாதீங்கப்பா. எஞ்சின் கத்தினா கத்திட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் கை கழுவினான்.

"ஒரு வருஷம் காலேஜுக்குப் போயிட்டு ஓடி வந்தவன் கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்" என்றார் பெரியப்பா. "அட்டைய வெட்டி ஒட்டறதுக்குப் பேரு ரிப்பேரா?"

"நீங்க ஒரு நல்ல மெக்கானிக்கிட்ட விட்டுச் சரிபண்ணிக் குடுத்திருக்கலாமே. உங்க தம்பிதானே? வாயத் தவிர வேற என்னத்தக் குடுத்தீங்க?"

"செத்த வீடாச்சேன்னு கைய அடக்கிட்டு நிக்கறேன்."

"அடிச்சுட்டுப் போங்க. போனாப் போதும்."

அவர் போனார். போகும்போதும் பேசிக்கொண்டே போனார்.

அவன் கந்தல் துணியால் திருகைத் துடைத்தான். பெயிண்ட் பொட்டு பிளந்திருந்தது. திருகு இரண்டு சுற்று வெளியே வந்திருந்தது; அப்படி இருந்தால் ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சின் அணையத்தான் செய்யும். அடிபட்டால் திருகு வளையும், உடையும், தானாகச் சுற்றாது. அதன் தலையில் புதிதாக ஒரு கீறல். எதையோ விட்டு நெம்பித் திருகியிருக்கிறார்கள்.

முதலில் வந்தது நிம்மதி. மூச்சு விடுவதற்குள் அதைத் தள்ளிக்கொண்டு கோபம் வந்தது. தொடாதீர்கள் என்று சொன்னானே! அந்த மனுஷன் என்றைக்கு யார் பேச்சைக் கேட்டார்? உள்ளே போய் அத்தனை பேர் முன்னாலும் போட்டு உடைக்க வேண்டும். நான் இல்லை, இதோ கிடக்கிறாரே இவரேதான் என்று.

எழுந்து திரும்பினான். சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்தாள்.

"கொறச்சுதான இருக்கு?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நேத்துக் காலைல அவர் கெளம்பும்போது நான்தான் சொன்னேன்." அம்மா பைக்கைப் பார்க்காமல் பேசினாள். "சும்மா நிக்கும்போதே இந்தக் கத்து கத்துதே, பெட்ரோல் என்னத்துக்காகும், கொறைங்கன்னேன். அவன் திட்டுவான்டீன்னார். நைட் ஷிப்ட் முடிச்சுட்டுத் தூங்கறான், அவனுக்கு எங்க தெரியப்போகுதுன்னேன். வெங்காயம் நறுக்கிட்டிருந்த கத்திய நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

அவன் ஸ்பேனரைச் சுவரில் எறிந்தான். காரை பெயர்ந்து விழுந்தது. உனக்கு அறிவிருக்கா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

"வேற யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல. இப்பப் போய்ச் சொல்றேன். உன்ன அவங்க ஆளாளுக்குப் பேசறதக் கேட்டுட்டு..."

"சொன்னன்னு வச்சுக்கோ, இன்னைக்கே இந்த வீட்ட விட்டுப் போயிடுவேன்."

வாசலில் மயானத்துக்குப் போகும் வேன் வந்து நின்றது. அவன் முன்னால் போய், அப்பாவைக் கிடத்தியிருந்த ஸ்ட்ரெச்சரின் கைப்பிடியைப் பற்றினான். பெரியப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நில்லு. எல்லாரும் இருக்காங்க, சொல்லிட்டுத் தூக்கு. நீ மாட்டின கார்புரேட்டர்தானே வண்டிய நிறுத்துச்சு?"

அம்மா வாயைத் திறந்தாள்.

"ஆமா," என்றான் அவன், அவளை முந்திக்கொண்டு. தேவைக்கு மேல் சத்தமாக. "நான்தான் சரியா வைக்கல. போதுமா?"

பெரியப்பாவே கொஞ்சம் தடுமாறினார். பிறகு கைப்பிடியிலிருந்து அவன் விரல்களை எடுத்துவிட்டார்.

"நீ வர வேண்டாம்."

வேறு ஆள் வந்து பிடித்தான். நான்கு பேர் தூக்கினார்கள். படியில் இறங்கும்போது ஒரு பக்கம் தாழ்ந்தது; அவன் கை தானாக நீண்டது, பிறகு நின்றது. ஸ்ட்ரெச்சர் உள்ளே போயிற்று. பெரியப்பா ஏறி உட்கார்ந்து, பக்கத்து இருக்கையைத் தட்டினார்.

"ஏறும்மா. நேரமாச்சு."

அம்மா வேன் கதவு வரை போனாள். உள்ளே ஒரு தடவை பார்த்தாள். பிறகு திரும்பி, வழியில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் நின்றாள். அவனைத் தொடவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"என்னம்மா இது? ஏறு!"

அவள் அசையவில்லை. டிரைவர் எஞ்சினை ஓடவிட்டபடியே சிறிது நேரம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாவியைத் திருப்பி அதை அணைத்தார்.