பதினோராவது கட்டம்

தொடாதே என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். நான் பியானோ கற்றுக்கொள்ளப் போனதற்கு அதுதான் காரணம். சங்கீத ஆசை எல்லாம் அப்புறம் வந்தது.

நான் திரைச்சீலை தைப்பவள். சோபா உறை, மெத்தை உறையும் உண்டு. முப்பத்தொரு வருஷமாக வீட்டு முன்னறையில்தான் மிஷின், கட்டிங் டேபிள், துணி மூட்டை எல்லாம். ஒரு இசைப் பள்ளியின் மேடைக்குப் புதுத் திரை தைத்துக்கொடுத்தேன். அதை மாட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கியபோது மேடை ஓரத்தில் பியானோ மூடி திறந்து கிடந்தது. ஒரே ஒரு வெள்ளைக் கட்டையை ஒரே ஒரு விரலால் அழுத்தினேன்.

"ஏம்மா, அதைத் தொடாதீங்க! அது கத்துக்கறவங்க தொடறது" என்று கதவோரத்திலிருந்து காவலாளி ஒரு கத்து கத்தினார்.

"அப்ப கத்துக்கறேன்" என்றேன்.

வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான். ஆனால் சொன்ன சொல்லை விழுங்குகிற பழக்கம் எனக்கில்லை. ஏணியை மடித்து வைத்துவிட்டு நேரே ஆபீஸுக்குப் போய்ப் பேர் கொடுத்தேன். வயது என்ற இடத்தில் ஐம்பத்து நான்கு என்று எழுதினேன். அங்கே இருந்த பெண் அதை இரண்டு தடவை படித்தாள். "ஆமா, எனக்குத்தான்" என்றேன், அவள் கேட்பதற்கு முன்பே.

எட்டு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். அதற்குள் என் கோபம் ஆறியிருக்கும் என்று என் வீட்டுக்காரர் நம்பிக்கொண்டிருந்தார். பாவம், இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அவருக்கு என்னைத் தெரியவில்லை.

அந்தப் பள்ளியில் ஒரு கறார் விதி. பெரியவர்களுக்கென்று இருப்பது ஒரே ஓர் இடம். மூன்று மாதம் சொல்லித்தந்து பார்ப்பார்கள். மூன்றாம் மாதக் கடைசியில் பிரின்சிபால் முன்னால் உட்கார்ந்து, ஒரு பக்கப் பாட்டை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நிற்காமல் வாசிக்க வேண்டும். வாசித்தால் இடம் நிரந்தரம். நடுவில் நின்றால், காத்திருக்கிற பதினான்கு பேரில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

டீச்சர் என் மகளைவிடச் சின்னவர். இருந்தாலும் டீச்சர் டீச்சர்தான், நான் எழுந்து நின்றுதான் வணக்கம் சொன்னேன். முதல் நாள் அவர் விரல் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தேன்.

"என்னம்மா பண்றீங்க?"

"அளவு எடுக்கறேன் டீச்சர். வீட்டுல பியானோ இல்ல."

ஏழு வெள்ளைக் கட்டை ஆறரை அங்குலம். நீளம் ஆறு அங்குலம். கறுப்புக் கட்டை அரை அங்குல அகலம்கூட வராது. வீட்டுக்கு வந்து கட்டிங் டேபிளில் சாக்பீஸால் அப்படியே வரைந்தேன், அச்சு அசலாக. தினமும் காலையில் மிஷினில் உட்காருவதற்கு முன் ஒரு மணி நேரம் அதன் மேல் விரல் ஓட்டினேன். வீட்டுக்காரர் காபியோடு வந்து தலையைச் சாய்த்துக் காது கொடுத்துப் பார்ப்பார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"நான் சத்தம் போட்டுச் சொன்னாலே உங்களுக்குக் கேக்காது. போங்க அந்தப் பக்கம்."

பள்ளியில் நிஜப் பியானோவில் உட்கார்ந்ததும் என் வலது கால் மானத்தை வாங்கியது. கை ஓடினால் கால் அழுத்தவேண்டும் என்பது மிஷினில் பழகிய பழக்கம். பியானோவுக்குக் கீழேயும் பெடல் இருந்து தொலைத்ததா, கட்டையில் விரல் பட்ட கணமே கால் போய் அதை ஒரேயடியாக மிதித்தது. மிதித்தால் அடித்த சுரம் எதுவும் அடங்காது. எல்லாம் ஒன்றோடொன்று கலந்து அறை முழுக்க ஒரே இரைச்சல்.

"காலை எடுங்கம்மா."

"எடுத்துட்டேன் டீச்சர்."

"இல்ல, மறுபடி வச்சிட்டீங்க."

கடைசியில் இரண்டு கால்களையும் ஸ்டூலுக்கு அடியில் பின்னிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு வாரம் முழங்கால் வலித்தாலும் அந்தப் பழக்கம் போய்விட்டது.

நாலாவது வாரம் இரண்டு கையையும் முதன்முதலாகச் சேர்த்து வாசித்தேன். தாளில் கோடு போட்டுப் பிரித்திருக்கிற கட்டங்களில் நாலே நாலுதான். இடது கை கீழே மெதுவாக நடந்தது, வலது கை மேலே அதன் பாட்டுக்குப் போனது, இரண்டும் என்னிடமிருந்தே வந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சர் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். எனக்கு இருந்த வீம்பெல்லாம் அன்றோடு போய், ஆசை வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த இடத்தை எவருக்கும் விட்டுத்தரக்கூடாது, செத்தாலும் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் பெரிய தொல்லை ஆரம்பித்தது. என் பாட்டு பதினாறு கட்டம், வரிக்கு நாலாக நாலு வரி. ஒரு விரல் தப்பாக விழுந்தால் போதும், என் கை அங்கேயே நின்றுவிடும். திரும்பிப் போய் அந்தக் கட்டத்தை முதலிலிருந்து வாசிப்பேன். சரியாக வந்த பிறகுதான் மேலே நகருவேன்.

"ஏம்மா நின்னீங்க?"

"தப்பு விழுந்துடுச்சே."

"விழட்டும். நீங்க போய்ட்டே இருங்க."

"தப்பை வச்சுக்கிட்டு எப்படி மேல தைக்கறது? கோணிக்கிட்டே போகுமே."

"இது துணி இல்லம்மா."

"எனக்குத் தெரியுது டீச்சர். கைக்குத் தெரியலை."

என்னிடம் வந்த எந்தத் துணியும் கோணல் தையலோடு திரும்பிப் போனதில்லை. நூல் அளவு பிசகினாலும் பிரிக்கும் கொக்கியை எடுத்து, ஒவ்வொரு தையலாக அறுத்து, மறுபடி தைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அந்தப் பெருமையே இப்போது எனக்கு எமனாக வந்து நின்றது. சாக்பீஸ் பியானோவில் ஒரு தடங்கலும் இல்லை, தப்பு விழுந்தாலும் காதுக்குத் தெரியாதே. பள்ளிக்கு வந்து நிஜச் சத்தம் கேட்டதும் கை நின்றது. பத்தாவது வாரமும் நின்றது. அந்த வாரம் மட்டும் ஒரு பக்கத்துக்குள் ஒன்பது இடத்தில் நின்றேன். டீச்சர் காலண்டரைப் பார்த்தார். இன்னும் இரண்டே செவ்வாய்க்கிழமைதான் மிச்சம்.

அன்று சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். கேட்டுக்கொண்டே அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார்.

"நீ சண்டையையும் இப்படித்தான் பண்ணுவே" என்றார். "முடிஞ்சுபோனதைப் பிரிச்சுப் பிரிச்சு மறுபடி தைப்பே."

"இப்ப அதுவா முக்கியம்?"

"இரு, சொல்றேன். ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட்ல ஏதோ சத்தம் வருதுன்னு வை. அங்கேயே நிறுத்தினா என்ன ஆகும்? முன்னால சுவர்தான் இருக்கும். உள்ள இருக்கறவன் கத்துவான். எப்படியாவது அடுத்த மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துடணும். கதவைத் திறக்கறது, சரிபண்றது எல்லாம் அங்கதான்."

நான் சோற்றில் கை வைத்தபடியே அவரைப் பார்த்தேன். இந்த மனுஷன் உருப்படியாக ஒன்று சொல்லிவிட்டார் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு நிமிஷம் ஆனது.

கையைக் கழுவிக்கொண்டு பாட்டுத் தாளை எடுத்தேன். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு கோடு போட்டேன். முதல் மாடி, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி, நாலாம் மாடி. நடுவில் எங்கே தடுமாறினாலும் இழுத்துக்கொண்டு அடுத்த கோட்டுக்குப் போய்ச் சேரவேண்டும். அங்கே இரண்டு கையையும் சரியான இடத்தில் வைத்து இறங்கவேண்டும். திரும்பிப் போகிற வேலையே கிடையாது.

மறுநாள் காலையிலிருந்து அவரைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். நான் மேஜையில் வாசிப்பேன், அவர் நினைத்த இடத்தில் "மாடி!" என்று கத்துவார். உடனே நான் அடுத்த கோட்டுக்குத் தாவவேண்டும். ரொம்ப உற்சாகமாகிவிட்டது அவருக்கு. நான் மிஷினில் தைக்கும்போதும் கத்தினார், மூட்டை தூக்கும்போதும் கத்தினார். துணி வாங்க வந்த ஓர் அம்மா, "மேல மாடி கட்டறீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பள்ளியிலும் விடவில்லை. வகுப்புக்கு முன்னால் அறை காலியாக இருக்கிற அரை மணி நேரத்தைக் கேட்டு வாங்கினேன். வேண்டுமென்றே தப்பாக ஒரு கட்டையை அடிப்பேன். கை நிற்கப் பார்க்கும். "நட, நட" என்று வாய்விட்டுத் திட்டுவேன். ஒன்பது இடத்தில் நின்றவள் நாலு இடத்தில் நின்றேன். கடைசிச் செவ்வாய் ஒரே இடத்தில் நின்றேன். அந்த ஒன்றும் போதும், இடம் போவதற்கு.

பரீட்சை நாளன்று வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு வந்தார்.

"உள்ள வராதீங்க. மாடின்னு கத்தித் தொலைச்சிடுவீங்க."

"வராந்தாவுலயே உக்காந்துக்கறேன், தாயே."

பிரின்சிபால் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஒரு தாளோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டீச்சர். என்னைவிட அவர் முகம்தான் வெளிறியிருந்தது. நான் உட்கார்ந்து கால்களை ஒழுங்காக வைத்தேன். புடவையில் இரண்டு கையையும் துடைத்தேன்.

முதல் வரி வெண்ணெயாக இறங்கியது. இரண்டாம் வரியில் ஒரு சுரம் லேசாகத் தடுமாறியது, தாண்டிவிட்டேன். மூன்றாம் வரியும் நன்றாகத்தான் ஆரம்பித்தது. பதினோராவது கட்டத்தில் இடது கை ஒரு கட்டை கீழே தள்ளி இறங்கிவிட்டது. ஒரு சுரம் தப்பினால் தொலைகிறது என்று விடலாம். இங்கே கையே இடம் மாறிவிட்டது, விரல் எல்லாம் வரிசையாகத் தப்பில் விழுந்தன. அந்தச் சத்தம் என் பல்லைக் கூச வைத்தது.

கை நின்றுவிடும் என்று நினைத்தேன். வலது கை மெதுவானதை உணர்ந்தேன். திரும்பிப் போ, திரும்பிப் போ என்று உடம்பு முழுக்கக் கதறியது. டீச்சர் மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. முடியாது, நிற்கமாட்டேன், என்ன ஆனாலும் சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கோணல் கையோடே பதினொன்றையும் பன்னிரண்டையும் வாசித்தேன். இவ்வளவு மோசமான ஒன்றை நான் தெரிந்தே யாருக்கும் கொடுத்ததில்லை. பதிமூன்றாம் கட்டம், கோடு வந்தது. இடது கையைத் தூக்கிச் சரியான கட்டையில் வைத்தேன். இறங்கியது. கடைசி வரி முழுக்க ஒழுங்காக வந்தது. கடைசிச் சுரத்தை டீச்சர் சொன்னபடி நாலு எண்ணி முடிக்கும்வரை பிடித்திருந்துவிட்டுக் கையை மடியில் வைத்தேன்.

பிரின்சிபால் கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"மூணாவது வரியில என்ன ஆச்சு, தெரியுமா?"

"தெரியும் சார். இடது கை ஒரு கட்டை தள்ளிப் போயிடுச்சு."

"தெரிஞ்சும் திரும்ப வாசிக்கலையே."

"கேக்கற நீங்க அந்த இடத்தைத் தாண்டி வந்துட்டீங்க. நான் மட்டும் திரும்பிப் போய் அங்க என்ன பண்றது?"

அவர் ஏதோ எழுதினார். எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். எனக்கு எழுந்துபோய் அந்தப் பேனாவைப் பிடுங்கலாமா என்றிருந்தது.

"செவ்வாய்க்கிழமை நாலு மணி, அதே நேரம்தான்" என்றார், தாளிலிருந்து தலையைத் தூக்காமல். "இனிமே ரெண்டு பக்கப் பாட்டு."

டீச்சர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எழுந்து நின்று வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வராந்தாவில் வீட்டுக்காரர் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டார்.

"குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க."

தெருவில் இறங்கி நடந்தோம். மூன்று மாதமாக என் விரல் ஓடுவதைத்தான் அவர் பார்த்திருந்தார். அந்தப் பாட்டின் சத்தத்தை அவர் காதால் கேட்டது இன்றைக்குத்தான். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"நல்லா இருந்துச்சு. நிஜமாவே நல்லா இருந்துச்சு." கொஞ்சம் யோசித்தார். "முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு இடம் வந்துச்சே. அதுவரைக்கும் தாலாட்டு மாதிரி போய்ட்டிருந்ததா, அங்க திடீர்னு ஒரு உறைப்பா வந்துச்சு பாரு. எனக்கு உடம்பே சிலிர்த்துப்போச்சு. அந்த இடம்தான் ரொம்பப் பிடிச்சுது. புத்தகத்துலயே அப்படி இருக்கா, இல்ல நீயா போட்டதா?"

அட மனுஷா, அது தப்பு என்று வாய்வரை வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் அந்த நிமிஷமே பிடித்துத் திருத்தாமல் நான் விட்டதில்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நானாப் போட்டதுதான்" என்றேன். "சீக்கிரம் வாங்க, பஸ் போயிடும்."