குழாய்ச் சத்தத்துக்குள் ஒரு கத்தரிக்கோல்

படத்தில் யாராவது நடந்தால், கதவைச் சாத்தினால், கோப்பையைக் கீழே வைத்தால், அந்தச் சத்தத்தை ஸ்டூடியோவில் திரையைப் பார்த்துக்கொண்டே உண்டாக்குவது என் வேலை. இந்த மாதம் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் படம்.

“எல்லாப் படத்துலயும் இந்தப் பொண்ணுங்க ஏண்ணே பாத்ரூம்ல போய் முடிய வெட்டிக்குதுங்க?” என்றார் ஒலிப்பதிவாளர்.

“வேற வழி? புதுப் பள்ளிக்கூடம். கேன்டீன்ல தனியா உக்காரும். எல்லாரும் சிரிப்பாங்க. வீட்டுக்கு ஓடி வந்து பையத் தூக்கி எறியும். குழாயத் திறந்து விட்டுட்டு அழும். அப்புறம் கத்தரிக்கோல்தான்.”

“அப்பன்காரன் என்ன பண்ணுவான்?”

“கதவுக்கு வெளிய நின்னு பேசுவான். லேட்டா வருவான், ஆனா நல்லாப் பேசுவான்.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் ஒரு பழைய பெயின்ட் பிரஷ்ஷின் முடியை மைக்குக்குப் பக்கத்தில் வைத்துக் கத்தரித்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டூடியோவுக்குப் பக்கம் என்று நான்தான் வீடு மாற்றினேன். அதனால் பாதி வருஷத்தில் என் மகளும் பள்ளிக்கூடம் மாறவேண்டியதாயிற்று. இதுவரை ஒரு சிநேகிதியைப் பற்றிக்கூடச் சொன்னதில்லை. “யார்கூடம்மா சாப்பிட்டே?” என்று கேட்டால், “சாப்பாட்டுகூட” என்பாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தேன். ஹால் நடுவில் அவள் பை குப்புறக் கிடந்தது. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள், கரக், கரக். பிரஷ் இல்லை, நிஜ முடி. என் காது இதில் தப்பாது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

ஓடிப்போய்க் கதவுக்கு வெளியே நின்றேன்.

“கண்ணு, அப்பா வந்திருக்கேன். கதவத் திறக்க வேணாம். கேட்டா போதும்.”

கத்தரிக்கோல் நின்றது. படத்து அப்பன்கள் பேசுவதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதையெல்லாம் விட்டுவிட்டு என் வார்த்தையிலேயே பேசினேன்.

“வீடு மாத்தினது என் வசதிக்குத்தான். உன்னை ஒரு வார்த்தை கேக்கல. இங்க பிடிக்கலேன்னா பழைய ஸ்கூலுக்கே போலாம்மா. பஸ்ல நானே கூட்டிட்டுப் போறேன். முடி போனாப் போகட்டும். எப்படி இருந்தாலும் நீ என் செல்லக் குரங்குதான்.”

குழாய் நின்றது. உள்ளே யாரோ அடக்க முடியாமல் ‘புர்ர்’ரென்று சிரித்தார்கள். அது என் மகளின் சிரிப்பு இல்லை.

“அய்யோ அப்பா, போதும்! மானத்த வாங்காதீங்க!”

கதவு திறந்தது. கவிழ்த்துப் போட்ட வாளிமேல், கழுத்தில் எங்கள் வீட்டுத் துண்டோடு, நான் பார்த்தேயிராத ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கத்து முடி காது வரைக்கும்தான் இருந்தது. பக்கத்தில் கத்தரிக்கோலோடு என் மகள். அவள் பின்னல் அப்படியே இருந்தது.

“செல்லக் குரங்கா?” என்றாள் வாளிக்காரி.

“வாய மூடு. இன்னொரு பக்கத்தையும் எடுத்துருவேன்.”

“என்னம்மா நடக்குது இங்க?”

“ஸ்கூல் நாடகத்துக்கு அட்டை ஒட்டிட்டிருந்தோம் அங்கிள். பசை டப்பாவ இவ என் தலையில கவுத்துட்டா. தண்ணி விட்டுப் பாத்தோம், போகவே இல்ல.”

“அழுதது யாரு?”

“யாரும் அழல. எனக்குச் சளி.” வாளிக்காரி மறுபடி ஒருமுறை உறிஞ்சிக் காட்டினாள்.

“உங்க அம்மாவுக்குத் தெரியுமா?”

“போன் பண்ணிட்டேன். நேர்ல வந்து திட்டறேன்னாங்க.”

வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மகளின் ஷூவுக்குமேல் இன்னொரு ஜோடி ஷூ ஏறிக் கிடந்தது. அதைத் தாண்டித்தான் உள்ளே வந்திருக்கிறேன். காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கண்ணை மறந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது. சுவரில் சாய்ந்துகொண்டேன்.

“பழைய ஸ்கூலெல்லாம் வேணாம்ப்பா,” என்றாள் மகள். “நாளைக்கு இவ தலையப் பாத்து எல்லாரும் சிரிப்பாங்க. நான் பக்கத்துல இருக்கணும்.”

“நீதான் வெட்டினேன்னு சொல்றேன். உன்னப் பாத்துச் சிரிக்கட்டும்.”

“சொல்லு, சொல்லு. அப்பா, பின்னாடி கோணலாப் போயிருச்சு. நேராக்கித் தாங்களேன்.”

கத்தரிக்கோலை வாங்கினேன். இத்தனை வருஷத்தில் பிரஷ்ஷைத் தவிர எதையும் வெட்டியதில்லை. இரண்டு பேரும் மறுபடி குரங்கு என்று ஆரம்பித்துவிட்டார்கள். கத்தரிக்கோல் சத்தமே கேட்கவில்லை.

“ஆடாதம்மா,” என்றேன். “காது இருக்கு.”