வலது மடைக்கு எட்டு மார்க்

“ஆறரையா? ஏங்க, மனசாட்சியோடதான் பேசுறீங்களா?”

“பாத்திமா, கத்தாத. மார்க்குன்னா மார்க்குதான்.”

“நானா கத்துறேன்? சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சா அந்தப் புள்ளையோட உம்மா நம்ம வாசப்படி ஏறப் போறாங்க. பொண்ணு பாக்க வர்றாங்க, பந்து பாக்க வரல. ஒரு பத்து போட்டா ஒங்க நாக்கு தேஞ்சு போயிடுமா?”

“பத்தா! இதுவரைக்கும் நான் யாருக்குமே பத்து போட்டதில்ல.”

“தெரியுமே. நம்ம கல்யாணத்துல எங்க வாப்பா ஆக்கிப்போட்ட பிரியாணிக்கே ஏழுன்னு சொன்ன ஆளுதானே நீங்க.”

“அதுல உப்பு கம்மி.”

பக்கத்து வீட்டுச் சாரங்கபாணி, வேளாண்மை அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர், மதில் ஓரத்துக் குரோட்டன் செடிக்கு அன்று காலை மூன்றாம் தடவையாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். செடி அழுகினாலும் பரவாயில்லை, ஒரு வார்த்தை விட்டுப்போகக் கூடாது என்பது அவர் கொள்கை.

முத்துப்பேட்டையில் ஜெக்கரியாவின் மார்க் என்பது சாதாரண விஷயம் இல்லை. ஷார்ஜாவில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்து பட்டுக்கோட்டை ரோட்டில் பெயின்ட் கடை வைத்திருக்கும் மனிதர். சென்னைப் பேரலை கால்பந்து அணி ஆடுகிற ஒவ்வொரு மேட்ச்சுக்கும் மறுநாள் காலை, ‘முத்துப்பேட்டை பந்து’ என்ற வாட்ஸப் குரூப்பில் அவர் குரலில் விமர்சனம் வரும். பதினொரு பேருக்கும் தனித்தனி மார்க், கோச்சுக்குத் தனி வசவு. மேட்ச் பார்க்காதவர்கள் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளக் கேட்பார்கள். பார்த்தவர்கள், தாங்கள் பார்த்தது என்ன என்று தெரிந்துகொள்ளக் கேட்பார்கள். சவூதியின் தம்மாமில் டீக்கடை வைத்திருப்பவர்கூட அதைக் கேட்டுவிட்டுத்தான் ஷட்டரைத் தூக்குவாராம்.

அந்த வாய்தான் இப்போது வினையாகியிருந்தது. பேரலை அணியில் வலது பக்கத் தடுப்பாட்டக்காரன் சுஹைப், அதிராம்பட்டினத்துப் பையன். இந்தப் பக்கத்திலிருந்து அந்த அணிக்குப் போன ஒரே ஆள். ஊர் கொண்டாடியிருக்க வேண்டும். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தோல்விக்கு மறுநாள் ஜெக்கரியா, “வலது பக்கம் ஓட்டை மடைப்பா, எதிராளியெல்லாம் தண்ணி மாதிரி பாஞ்சு வர்றான்” என்று சொல்லித் தொலைத்தார். மடை என்றால் என்ன என்று டெல்டாவில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. சென்னையில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பயல்கள் மைதானத்துக்கே போய், “டேய் ஓட்டை மடை!” என்று கத்திவிட்டு வந்தார்கள்.

இப்போது அந்த ஓட்டை மடைக்குத்தான் ஜெக்கரியாவின் மகள் ஷமீராவைக் கேட்டு வரன் வந்திருக்கிறது. தரகு பார்க்கும் சபிஹா விஷயத்தைச் சொன்னபோது, “அவங்களுக்கு நான் யாருன்னு தெரியுமா?” என்பதுதான் ஜெக்கரியாவின் முதல் கேள்வி. “தெரிஞ்சுதான் கேக்குறாங்க” என்றார் சபிஹா. பாத்திமாவுக்கு வேறு சந்தேகம். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுப் போகத்தான் வருகிறார்களோ? ஷமீரா திருத்துறைப்பூண்டியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பார்வை பரிசோதிக்கிற வேலையில் இருப்பவள். மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்துவிட்டு, “பாக்கலாம்” என்றாள். அவளுடைய “பாக்கலாம்” சரி என்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கடலோர ஊர்களில் நிக்காஹ் முடிந்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஷமீரா பேரில் மாடி கட்டி டைல்ஸ்கூட ஒட்டியாயிற்று. ஆக, இந்தச் சம்பந்தம் கூடினால் வலது மடை நேராக ஜெக்கரியாவின் தலைக்கு மேலேயே வந்து படுக்கும்.

இவ்வளவும் இருக்க, நேற்று மாலை பேரலை ஜெயித்துவிட்டது. ஒன்றுக்குப் பூஜ்யம். ஐப்பசி மழைக்கு முன் ஜெயித்த அணி, சம்பா அறுப்புக்கு மெஷின் இறங்கின பிறகுதான் அடுத்ததாக ஜெயித்திருக்கிறது. அந்த ஒரே கோலுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தவன் சுஹைப். ஜெக்கரியா குதித்த குதியில் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் ஒன்று போயிற்று. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். விடிந்து வெகுநேரமாகியும் குரூப்பில் விமர்சனம் வரவில்லை. இப்போது கேட்டால் ஆறரை என்கிறார்.

“பாய்!” என்று மதிலுக்கு மேல் தலை தெரிந்தது. “இன்னும் வாய்ஸ் வரலியே? தொண்டை கட்டிக்கிச்சா?”

“வரும் சார். நீங்க செடியைப் பாருங்க.”

“செடி நல்லா இருக்கு. பத்துதானே போடப் போறீங்க? மாப்பிள்ளையாச்சே!”

ஜெக்கரியா முகம் சிறுத்துப் போய் உள்ளே வந்தார். “பாத்தியா? இதுக்குத்தான். இதுக்குத்தான் ஆறரைங்கிறேன்.”

கூடத்தில் உட்கார்ந்து வட்டலப்ப இனிப்புக்கு முந்திரி உடைத்துக்கொண்டிருந்த ஷமீரா அப்போதுதான் வாயைத் திறந்தாள். “வாப்பா, அந்த மனுஷன் நேத்து எப்படி ஆடினாரு? அதை மட்டும் சொல்லுங்க.”

ஜெக்கரியா நாற்காலியைத் தேடினார். கால் உடைந்தது நினைவுக்கு வந்து தரையிலேயே உட்கார்ந்தார். மெதுவாகச் சொன்னார்.

சின்ன வயதிலிருந்து அவர் ஆடியது செவன்ஸ். பக்கத்துக்கு ஏழே பேர், அறுப்பு முடிந்த வயலில் தாளடி காலைக் குத்தக் குத்த ஆடும் ஆட்டம். அதில் பின்னால் நிற்பவனுக்கு அவன் பக்கம் அவன் பொறுப்பு. யாரும் துணைக்கு வரமாட்டான். ஒழுகினால் அவன்தான் ஓட்டை. அந்தக் கண்ணோடுதான் பதினொரு பேர் ஆட்டத்தையும் இத்தனை நாள் பார்த்தார். ஆனால் அந்தப் பதினொரு பேர் ஆட்டத்தில் வலது பக்கம் முன்னால் ஓடுகிறவன், பந்து பறிபோனால் திரும்பி ஓடிவந்து பின்னால் நிற்பவனுக்குத் தோள் கொடுக்க வேண்டும். பேரலையின் ஏழாம் நம்பர், பிரேசில்காரன், காலில் வித்தை உண்டு, திரும்பி வரும் பழக்கம்தான் கிடையாது. நேற்று அவனுக்கு ஆடத் தடை. அவன் இடத்தில் இறங்கிய மணிப்பூர்ப் பையன் ஒவ்வொரு தடவையும் மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். வலது பக்கம் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

“ஓட்டை சுஹைப்கிட்ட இல்ல புள்ள. ரெண்டு வருஷமா ரெண்டு பேர் வேலையை ஒருத்தனாப் பாத்திருக்கான். நான் ஊரைக் கூட்டி வசவு வாங்கிக் குடுத்திருக்கேன்.”

“அப்ப அதைச் சொல்ல வேண்டியதுதானே!” என்றார் பாத்திமா.

“எப்படிச் சொல்றது? வேற எந்த வாரமாவது சொல்லியிருந்தா நம்புவாங்க. பொண்ணு பாக்க வர்ற அன்னைக்கு எந்திரிச்சு, அவன் தங்கம்னு சொன்னா? மவளைக் கட்டிக்குடுக்க மார்க்கைக் கூட்டிப் போட்டான் கிழவன்னு தம்மாம் வரைக்கும் சிரிப்பானுங்க. என் வார்த்தைக்கு அப்பறம் என்ன மரியாதை?”

ஷமீரா முந்திரியைத் தட்டில் தள்ளினாள். “ஒங்க மரியாதைக்காக அவருக்கு மார்க் கம்மியா? அப்ப நீங்களும் அந்த ஏழாம் நம்பரும் ஒண்ணுதான் வாப்பா. முன்னாடி நல்லா ஓடுறீங்க. திரும்பி வரத்தான் மாட்டேங்கிறீங்க.”

பாத்திமா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஜெக்கரியா எழுந்து போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். மதிலுக்கு அந்தப் பக்கம் சொம்புச் சத்தம் நின்றது.

“அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். ஜெக்கரியா பேசுறேன். ஜெயிச்சுட்டோம், அல்ஹம்துலில்லாஹ். ஐப்பசிக்கப்புறம் நடுவுல என்னென்ன நடந்துச்சுன்னு இன்னைக்கு யாரும் ஞாபகப்படுத்த வேணாம். கோல்கீப்பருக்கு ஏழு. ரெண்டு பந்து புடிச்சான். மூணாவதை விட்டுட்டு, வீட்டுச் சாவி தொலைச்சவன் மாதிரி தரையில தேடினான். போஸ்ட் காப்பாத்துச்சு, போஸ்ட்டுக்கு ஒம்பது. நடுவுல நின்ன ரெண்டு பேரும் கல்யாண வீட்டுல பந்தி விசாரிக்கிற மாதிரி நடந்துக்கிட்டே இருந்தாங்க, ஆளுக்கு அஞ்சு. ஒம்பதாம் நம்பர் பந்தைத் தொட்டதே கொஞ்சம், ஆனா தொட்ட எடம் சரியான எடம். எட்டு. கோச்சு, ஐயா, அந்த மணிப்பூர்ப் புள்ளையை இத்தன நாளா எந்தப் பெட்டிக்குள்ள பூட்டி வெச்சிருந்தீங்க?

“இப்ப வலது பக்கம். சுஹைபுக்கு எட்டு. சிரிக்கிறவங்க சிரிச்சுக்குங்க, இன்னைக்கு எங்க வீட்டுக்கு யாரு வர்றாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சேதான் சொல்றேன். ஓட்டை மடைன்னு நான் வெச்ச பேரு தப்பு. செவன்ஸ் ஆடுன கண்ணால பாத்துட்டேன். பழைய மேட்ச்செல்லாம் வீடியோ கெடக்கு, ஏழாம் நம்பர் எங்க நிக்கிறான்னு நீங்களே போட்டுப் பாருங்க. இனிமே அந்தப் பேரை யாரும் சொல்லாதீங்க.

“கடைசியா ஒண்ணு. பேரலைப் புள்ளைங்களுக்கு நன்றி. நேத்து ஜெயிச்சதுக்கு மட்டும் இல்ல. தோத்துத் தோத்தும் மறுவாரம் ஜெர்சியைப் போட்டுக்கிட்டு வந்து நின்னீங்களே, அதுக்கு. ஷார்ஜாவுல ஒரு ரூம்ல பன்னெண்டு பேரு அடைஞ்சு கெடந்தப்ப, வார லீவுக்குப் பாக்க ஒரு ஆட்டம் இருந்ததாலதான் எங்களுக்கு வாரமே நகந்துச்சு. திட்டுறவன் பாக்குறவன்தான்பா. அல்லா ஒங்க காலுக்கு பலம் குடுக்கட்டும்.”

அனுப்பிய கையோடு ஊர் பதில் சொன்னது. “பந்தல்காரரைச் சொல்லியாச்சா பாய்?” என்றது துபாய். “எனக்கும் ஒரு எட்டு போடுங்க மாமா, நானும் கல்யாணம் ஆகாதவன்தான்” என்றது மதுக்கூர். ‘மாமனார் மார்க்’ என்ற வார்த்தை மதிய லுஹர் தொழுகைக்கு முன்பே பிறந்து, கடைத்தெருவில் நடமாட ஆரம்பித்துவிட்டது. ஜெக்கரியா ஒவ்வொன்றையும் படித்தார். மதிய சாப்பாட்டைத் தட்டு வழித்துச் சாப்பிட்டார்.

சொன்ன நேரத்துக்குக் கார் வந்தது. சுஹைபின் உம்மா ஃபஹ்மிதாவும் அவர் கூடப்பிறந்த லாத்தாவும் இறங்கினார்கள். முன்னால் சபிஹா, வழிகாட்ட வேண்டிய அவசியம் இல்லாத வாசலில் வழிகாட்டிக்கொண்டு. பெண்கள் உள்கூடத்தில் உட்கார்ந்தார்கள். ஜெக்கரியா முன்கூடத்தில், கதவுத் திரைக்கு இந்தப் பக்கம், ஒரு வரிகூடப் படிக்காமல் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

ஷமீரா வந்து சலாம் சொன்னாள். வட்டலப்பம் வந்தது. ஃபஹ்மிதா ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, திரைப் பக்கம் திரும்பி, “காக்கா!” என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார். பாத்திமா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

“சொல்லுங்க” என்றது பேப்பர்.

“எட்டுன்னு போட்டிருக்கீங்க. எந்த மேட்ச்சைப் பாத்தீங்க?”

ஜெக்கரியா வாயைத் திறப்பதற்குள் ஃபஹ்மிதாவே தொடர்ந்தார்.

“கடைசியில பந்தை வெளிய அடிச்சுத் தள்ளாம உள்ளுக்குள்ளயே தட்டி விட்டானே, அதைப் பாக்கலியா? எனக்கு நெஞ்சே நின்னு போச்சு. ஏழு போதும் அவனுக்கு.”

“இல்லம்மா” என்றார் ஜெக்கரியா. பேப்பர் கீழே இறங்கிவிட்டது. “உள்ள தட்டினது தப்புதான், அதுக்குத்தான் ரெண்டைக் கொறைச்சேன். எட்டு எட்டுதான்.”

“ஏழு.”

“எட்டு.”

சபிஹா தலையில் கை வைத்துக்கொண்டார். இத்தனை வருஷத் தரகில், மாப்பிள்ளைக்கு மார்க்கைக் குறைக்கச் சொல்லி மாப்பிள்ளையின் உம்மாவே மல்லுக்கு நிற்பதை அவர் பார்த்ததில்லை.

ஃபஹ்மிதாதான் முதலில் சிரித்தார். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. “டிவியில பேசுறவங்க எம்மவன் பேரையே சொல்ல மாட்டாங்க காக்கா. தோத்த மேட்ச்சுல அவன் எங்க ஓடினான், எங்க விழுந்தான்னு பாத்துச் சொன்னது நீங்க ஒருத்தர்தான். ஓட்டை மடைன்னீங்க, அன்னைக்கு ராவு முழுக்க ஒங்களைத் திட்டினேன். ஆனா போன வருஷம் ஒருதரம், ‘இந்தப் பய எடது காலை ஊன மாட்டேங்கிறான், எதையோ மறைக்கிறான், டாக்டர்கிட்ட காட்டுங்கப்பா’ன்னு சொன்னீங்க. என்கிட்டகூட அவன் சொல்லல. அதைக் கேட்டுட்டுத்தான் சென்னைக்கு ஓடி இழுத்துக்கிட்டுப் போய் ஸ்கேன் எடுத்தேன். முட்டியில கிழிசல். இன்னும் ரெண்டு மேட்ச் ஆடியிருந்தா காலே போயிருக்கும்னாங்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், சம்பந்தம்னா இந்த வீடுதான்னு.”

திரையை விலக்கிக்கொண்டு பாத்திமா எட்டிப் பார்த்தார். ஜெக்கரியா பேப்பரை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தார்.

“ஒரே ஒரு கண்டிஷன்” என்றார் ஃபஹ்மிதா. “அவன் வந்து ஒங்க வீட்டோட இருக்கப் போறவன். சோத்துல கை வெச்சிருக்கும்போது மட்டும் மார்க் சொல்லாதீங்க.”

“அதை நான் பாத்துக்குறேன்” என்றார் பாத்திமா, முந்திக்கொண்டு.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து நிக்காஹ் நடந்தது. பிரியாணிக்கு ஜெக்கரியா மார்க் சொல்லவில்லை, மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். சுஹைப் மாடிக்குக் குடி வந்தான். அடுத்த சீசனில் கேரளத்து அணி ஒன்று அவனை எடுத்துக்கொண்டது. ஷமீராவும் கோழிக்கோட்டில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை தேடிக்கொண்டு கூடவே போய்விட்டாள். பிரேசில்காரன் எந்த நாட்டுக்குப் போனான் என்று தெரியவில்லை. சபிஹா இந்த ஒரு சம்பந்தத்தைச் சொல்லியே மேலும் நாலு சம்பந்தம் முடித்தார். சாரங்கபாணி வீட்டை விற்றுவிட்டுத் தஞ்சாவூரில் மகள் வீட்டுக்குப் பக்கமாகக் குடிபோனார். அந்த வீட்டுக்கு வந்திருப்பது சீர்காழிக் குடும்பம். கிரிக்கெட் பார்க்கிறவர்கள், மதில் பக்கம் வருவதே இல்லை, நல்ல மனிதர்கள் என்று பாத்திமா சொல்கிறார்.