அழிச்சுட்டு முதல்லருந்து எழுது

“ஃப்ளெக்ஸுக்கு நல்ல போட்டோ ஒண்ணு வேணுமாம் அண்ணி. அண்ணன் லேப்டாப்புல இருக்குமில்ல?”

நாத்தனார் அன்பரசி கேட்டு முடிப்பதற்குள், ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் இருந்த கலைமதி எழுந்து மாடிப்படி ஏறிவிட்டாள். புருஷன் கிடக்கையில் இப்படிப் போவாளா ஒருத்தி என்று பாப்பாரப்பட்டி சனம் முணுமுணுத்தது. முணுமுணுக்கட்டும். நேற்று மத்தியானம் அவள் எழுதியதைப் பூவரசன் படித்தானா, படிக்காமலே போனானா? அது தெரியாமல் அவளுக்கு மூச்சு விட முடியவில்லை.

இருவருக்கும் ஒரே கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை. ஜாவா என்ற கணினி மொழியில் இருந்த பெரிய ஃப்ரேம்வொர்க் ஒன்றை, அந்த நிரல் தொகுப்பை, ஜாவாஸ்கிரிப்ட் என்ற வேறு மொழிக்கு ஆளுக்குப் பாதியாக மாற்ற வேண்டும். அவன் வரிக்கு வரி கையால் மாற்றுகிறவன். “எதையும் வுட்றக் கூடாது கலை. மொதல்ல எழுதினவன் என்னத்துக்கு எழுதி வெச்சானோ, நமக்கென்ன தெரியும்?” என்பான். அது செய்கிற வேலையைப் புரிந்துகொண்டு புதிதாகவே எழுதிவிடலாம் என்பது அவள் கட்சி.

“பழைய வூட்டப் பிரிச்சு செங்கல் செங்கலா தூக்கிட்டுப் போறீங்க” என்று அவள் கேலி செய்ததில் வந்தது வினை. இரண்டு நாளாகப் பேச்சில்லை. மாடியில் அவன், கீழே அவள். கடைசியில், வேலையைச் சரிபார்க்கும் பக்கத்தில் அவன் ஃபைலுக்குக் கீழே எழுதினாள்: ‘எல்லாமே தப்பு. அழிச்சுட்டு முதல்லருந்து எழுது.’ பதினோரு வருஷத்தில் ‘ங்க’ போடாமல் அவனுக்கு எழுதியது அதுதான் முதல் தடவை. நாலு மணிக்குக் காபியோடு போனால், நாற்காலியிலேயே சாய்ந்து கிடந்தான். மாரடைப்பாம்.

இதை யாரிடம் சொல்லி அழுவாள்? கீழே இத்தனை பேர் இருந்தும், சொன்னால் புரிந்துகொள்ளக்கூடியவன் அந்தப் பெட்டிக்குள் கிடக்கிறான்.

லேப்டாப்பைத் திறந்தாள். அவன் ஃபைல் அப்படியே திறந்திருந்தது. உள்ளே ஒரு வரி இல்லை. படித்திருக்கிறான். இரண்டு மாச வேலையை, அவள் சொன்னாள் என்று அழித்திருக்கிறான். பாவி மனுசன், வாயைத் திறந்து ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா!

கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தினாள். எல்லா வரியும் திரும்பி வந்தது. நடுவில் ஒரு வகுத்தல். அதன் தலையில் அவன் தமிழிலேயே குறிப்பு எழுதியிருந்தான்: ‘ஏழ ரெண்டால வகுத்தா ஜாவால மூணு, இங்க மூணரை. அரைய வெட்டணும். கலை மறந்திருப்பா, அவ ஃபைலயும் பாத்துடணும்.’

தன் ஃபைலைத் திறந்து பார்த்தாள். மறந்துதான் இருந்தாள்.

“கலை, தூக்கப் போறாங்க, எறங்கி வாம்மா” என்று படியடியிலிருந்து மாமியார் சின்னம்மாள் கூப்பிட்டாள்.

“வர்றேங்கத்த.”

தன் போனை எடுத்து, நேற்று எழுதியதற்குக் கீழே, ‘நீங்க செஞ்சதுதாங்க சரி’ என்று அடித்து அனுப்பினாள்.

அவன் லேப்டாப் சின்னதாக ஒரு சத்தம் போட்டது. திரை ஓரத்தில் அவள் பெயர் வந்து நின்றது. பக்கத்தில், படிக்காதது ஒன்று என்று இருந்தது.