பன்னிரண்டு கிழங்கு

என் அண்ணன் தூரோவா கையில் பேனா கிடைத்தால் போதும், தலைவராகிவிடுவான். அன்றும் எங்கள் குடும்பக் கூடத்தில் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, கடலோர நிலத்தைப் பைன் மரக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடலாமா என்று வாக்கெடுத்தான். அம்மாவைப் புதைத்திருப்பது அந்த நிலத்தில்தான்.

எங்களிடம் தலையை எண்ணும் வழக்கம் இல்லை. பங்கைத்தான் கூட்டுவோம். தாத்தா நிலத்தில் பாதி அம்மாவுக்கு, பாதி மாமாவுக்கு. அம்மாவின் பாதி எனக்கும் அண்ணனுக்கும் வந்தது, ஆளுக்கு நாலில் ஒன்று. மாமாவின் பாதி அவருடைய மூன்று பிள்ளைகளுக்கு, ஆளுக்கு ஆறில் ஒன்று. குத்தகை வேண்டாமென்று நானும் மாமா மகள்கள் மகாரெட்டாவும் கஹுவும் கை தூக்கினோம். வேண்டுமென்று அண்ணனும் மாமா மகன் பாவோராவும் தூக்கினார்கள்.

அண்ணன் பங்குகளைப் பலகையில் பின்னங்களாக எழுதி, மேலே இருந்த எண்களைக் கூட்டினான். கீழே இருந்தவற்றையும் கூட்டினான்.

"உங்களுக்குப் பதினாறுல மூணு. எங்களுக்குப் பத்துல ரெண்டு. எங்களுதுதான் கொஞ்சம் கூட. முடிஞ்சுது, வாங்க டீ குடிக்கலாம்."

எனக்கு உச்சந்தலை வரை பற்றி எரிந்தது.

"ஏண்ணா, நான் தனியா நின்னா நாலுல ஒண்ணு. இவங்க ரெண்டு பேரும் என்கூடச் சேர்ந்ததும் அது குறைஞ்சு போச்சா? உங்களுதையும் எங்களுதையும் சேர்த்தாப் பாதி நிலம்கூட வரலையே! மீதியக் கடலா தின்னுச்சு?"

"ரிபெகா, கத்தாத. கணக்குன்னா கணக்குதான்."

சமையலறைக்குப் போய்ச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு பன்னிரண்டை அள்ளி வந்து மேசையில் கொட்டினேன். மண் தெறித்து அவன் சட்டையில் விழுந்தது. விழட்டும்.

"இதான் நிலம். நாலாவும் பிரியும், ஆறாவும் பிரியும். எனக்கு மூணு. இவளுக்கு ரெண்டு, அவளுக்கு ரெண்டு. ஏழு! இப்ப உங்களுத எண்ணு."

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டான். பாவோராதான் எண்ணினான்.

"அஞ்சுதான் மச்சான்."

"எல்லார் முன்னாடியும் என்னை அசிங்கப்படுத்திட்டல்ல?" என்றான் அண்ணன்.

"அம்மா தலைமாட்டுல பைன் மரம் நடப் பாத்தியே, அது அசிங்கமில்லையா?"

அவன் பலகையைத் துடைத்தான். தெரியாமல் கூட்டினானா, தெரிந்தேதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கிழங்குகளைக் கழுவி ஒரே பானையில் வேகவைத்தேன். அண்ணன் தட்டில் மூன்றை எண்ணி வைத்தேன். அவன் பங்கில் ஒன்றுகூட நான் குறைக்கவில்லை.