கடைசிப் பக்கத்தில் குழந்தைப் படம் வேண்டாம்

1

இந்தக் கதை ஒரு கையேட்டில் மிஞ்சியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மிக்ஸி, தண்ணீர் வடிகட்டி, தையல் இயந்திரம் என்று எதற்கும் ‘பயன்படுத்துவது எப்படி’ எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கச் சொன்னால் சாப்பாட்டையும் மறந்து உட்கார்ந்துவிடுவேன். ஒருமுறை குழந்தைப்பேறு மருத்துவமனை ஒன்றுக்குக் கையேடு எழுதும் வேலை வந்தது. சோதனைக்குழாய் சிகிச்சைக்கு வருகிறவர்கள் கையில் கொடுப்பதற்கு. ஆர்வத்தில் தேவைக்கு மேல் எழுதிவிட்டேன். அங்கிருந்த பெண் டாக்டர் பாதியை அடித்துப்போட்டார்.

முதல் வரி இப்படி இருந்தது:

“தாய்மை என்னும் வரம்—”

டாக்டர் பேனாவை அழுத்தி ஒரு கோடு இழுத்தார். “வரம்னா, கிடைக்காதவங்க என்ன பாவம் செஞ்சாங்க?”

இரண்டாவது முயற்சி:

“வலியே இல்லாத, இதமான—”

இதற்கும் கோடு. “கொஞ்சம் வலிக்கும்னு எழுதுங்க. வலிக்காதுன்னு சொல்லி வலிச்சா, அப்புறம் நாம சொல்ற எதையும் நம்ப மாட்டாங்க.”

மூன்றாவது: “ஒவ்வொரு மாதமும் உங்கள் உடம்பு தானே ஒரு கருமுட்டையைத் தேர்ந்தெடுக்கிறது.” இதை விட்டுவைத்தார். ஆகவே கதையையும் அங்கிருந்தே தொடங்குவோம்.

2

சினைப்பையில் மாதாமாதம் சில நீர்க்குமிழிகள் தலைதூக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கருமுட்டை. கொஞ்ச நாளில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு வளரும். மற்றவை ‘சரி, நீயே போ’ என்று வழிவிட்டுச் சுருங்கிவிடும். வழக்கமான சிகிச்சையில் நிறைய மருந்து ஏற்றி, சுருங்கப் போகிறவற்றையும் பிடித்து நிறுத்தி வளர்ப்பார்கள். நிறைய முட்டை இருந்தால் நிறைய வாய்ப்பு. கணக்கு சரிதான்.

நம் டாக்டரின் வழி வேறு. உடம்பு எதைத் தேர்ந்தெடுத்ததோ அதன் பின்னாலேயே போவது. மருந்து கொஞ்சம், சிலருக்கு இல்லவே இல்லை. முட்டை ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று. முட்டையை வெளியே எடுக்க மெல்லிய ஊசி. முழு மயக்கம் கிடையாது. படுத்திருக்கும் பெண் விழித்திருப்பார், பேசுவார், கேட்பார்.

(இங்கே ஓர் அடிக்குறிப்பு வைத்திருந்தேன்: இந்த முறை எல்லாருக்கும் சரிவராது, சிலருக்கு நிறைய மருந்துதான் வழி, இதில் திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கலாம். அச்சாகி வந்த தாளில் அது பொடி எழுத்தில் கிடந்ததைப் பார்த்து டாக்டர் முகம் சுளித்தார். “இதைத்தான் முதல்ல படிக்கணும்” என்று முதல் பக்கத்துக்கு, பெரிய எழுத்துக்கு மாற்றச் சொன்னார்.)

3

டாக்டர் இளம் வயதில் வேலை பார்த்த பெரிய மருத்துவமனையில், காலையில் ஒருவரையொருவர் பார்த்தால் முதல் விசாரிப்பு “நேத்து எத்தனை எடுத்தே?” என்பதுதான். மீன்பிடிக்கப் போய் வந்தவர்கள் பேசிக்கொள்வது போல. அவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எண்ணிக்கை சொன்னவர்தான்.

அப்படி நிறைய எடுத்த ஒரு பெண்ணுக்கு வயிறு பானை மாதிரி வீங்கியது. அளவுக்கு மீறித் தூண்டப்பட்ட சினைப்பை, வயிற்றுக்குள் நீர் சேரும்படி செய்துவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் கட்டிலருகே நின்ற டாக்டரிடம் ஒன்று கேட்டார். “இவ்வளவு முட்டை நான் கேட்டேனா டாக்டர்?”

கோபமாகக் கேட்கவில்லையாம். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாராம்.

(அந்தக் கணமே டாக்டரின் மனம் மாறியது என்று எழுதினால் கதை எடுப்பாக இருக்கும். எழுதியும் பார்த்தேன். உண்மையில் அதற்குப் பிறகும் சில வருடங்கள் அங்கேயே, அதே மாதிரி வேலை பார்த்தார். கேள்வி மட்டும் செருப்புக்குள் போன மணல்போலக் கூடவே நடந்தது.)

பிறகு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே சொந்தமாக ஒரு கிளினிக். கட்டுப்படியான வாடகைக்குக் கிடைத்த இடங்கள் ஒன்றுக்கொன்று தள்ளி இருந்தன. முட்டை எடுக்கும் அறை முதல் மாடியில். ஆய்வகம் மொட்டை மாடியை ஒட்டிய அறையில். முட்டைக்கு உடம்பின் சூடு குறையக்கூடாது. எனவே குமிழியின் நீர் எடுத்த குழாயைக் கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு டாக்டரே படியேறுவார். லிஃப்ட் இருந்தது. ஒருமுறை நடுவில் நின்று தொலைத்ததிலிருந்து அதை அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. மேலே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கை நீட்டிக் காத்திருப்பார், ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்ட பெண்.

பிற்பாடு நல்ல கட்டடம் வந்தது. இரண்டு அறைகளும் அக்கம்பக்கம் அமைந்தன. நடுவே சுவரில் குழாயை நீட்ட ஒரு சின்ன ஜன்னல். அன்று முதல் ஆய்வகத்துப் பெண்ணுக்கு ‘ஜன்னல்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. டாக்டர் “ஏ ஜன்னல்” என்பார். அவர் “சொல்லுங்கக்கா” என்பார்.

அந்தப் படிக்கட்டைப் பற்றி டாக்டர் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. கைப்பிடிக் கம்பியின் குளிர்ச்சி, திருப்பத்தில் விழும் வெயில், கீழே கடைக்காரர் கண்ணாடி தேய்க்கும் சத்தம், எல்லாம் அப்படியே பேச்சில் வரும். “நெஞ்சுகிட்ட ஒரு உயிரை வச்சுக்கிட்டு ஏறுற மாதிரி மூச்சு அடைக்கும்” என்றார் ஒருமுறை. பக்கத்திலிருந்த ஜன்னல் சொன்னார்: “அதெல்லாம் ஒண்ணுமில்ல. அக்காவுக்கு அப்பவே மூட்டுவலி.”

4

எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நீங்களும் இந்நேரம் கேட்டிருப்பீர்கள். டாக்டருக்குப் பிள்ளைகள் உண்டா?

இந்தக் கதையின் முதல் வரைவில் அவருக்குப் பிள்ளை இல்லை என்று வைத்தேன். சோகம் தானாகச் சேர்ந்துகொண்டது. இரண்டாவதில் வெளியூரில் ஒரு மகள்—

வேண்டாம். நேரிலேயே கேட்டபோது அவர் சொன்னது: “பல் டாக்டர்கிட்ட போய் உங்களுக்கு எத்தனை பல் இருக்குன்னு கேப்பீங்களா?”

5

இனி, ஓட்டுநர். நகரப் பேருந்து ஓட்டுகிற பெண். கணவர் தையல்காரர், பேச்சு குறைவு, போகிற இடமெல்லாம் சட்டைக் காலரில் ஊசி குத்தியிருக்கும் மனிதர். வேறு ஓரிடத்தில் நிறைய மருந்து போட்டுப் பார்த்தும் ஓட்டுநருக்கு முட்டை அதிகம் வரவில்லை. வயிறு வீங்கியதுதான் மிச்சம். ஸ்டியரிங் வயிற்றில் இடித்து, வேலைக்கே போக முடியாமல் கிடந்தாராம். இதுதான் கடைசி முயற்சி என்று இருவரும் பேசி முடிவுசெய்து வந்திருந்தார்கள். டாக்டருக்கும் அது பணி ஓய்வு பெறும் நேரம்.

ஸ்கேனில் தெரிந்தது ஒரே ஒரு குமிழி. ஒன்றை நம்பி இறங்க வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்று டாக்டர் நிதானமாகச் சொல்லிப் பார்த்தார். ஓட்டுநர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரே ஒரு பயணி நின்னாலும் நாங்க வண்டியை நிறுத்தணும் டாக்டர்” என்றார். “அதான் ரூல்.”

6

டாக்டரின் கடைசி வேலைநாள் காலை. வெளியே வராந்தாவில் ஊழியர்கள் பூங்கொத்துடன் கிசுகிசுத்துக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது. ஓட்டுநர் விழித்தபடி படுத்திருந்தார். நர்ஸ் ஒரு கையைப் பிடித்திருந்தார். தலைமாட்டில் தையல்காரர், இன்று காலரில் ஊசி இல்லாமல்.

ஊசி போனது. குமிழியின் நீர் குழாயில் இறங்கியது. டாக்டர் ஜன்னலில் நீட்டினார். மறுபுறம் மைக்ராஸ்கோப்பின் அடியில் வட்டத்தட்டு நகரும் மெல்லிய சத்தம்.

“இல்லக்கா.”

குமிழிக்குள் வெதுவெதுப்பான திரவத்தைச் செலுத்தி அலசி, திரும்ப எடுத்தார். அதிலும் இல்லை. இன்னொரு தடவை. இல்லை. நிறைய மருத்துவமனைகளில் பெண் மயக்கத்தில் இருப்பார், இந்த ‘இல்லை’ காதில் விழாது. இங்கே விழும்.

டாக்டர் ஊசியை வெளியே எடுத்துத் தட்டில் வைத்தார். கையுறையைக் கழற்றினார்.

“பயணியே இல்லையா டாக்டர்?” என்றார் ஓட்டுநர், கூரையைப் பார்த்தபடி.

அப்போது ஜன்னலிலிருந்து குரல் வந்தது. “அக்கா, ஊசி எங்க?”

“ட்ரேல.”

“கழுவினீங்களா?”

இந்த இடத்தில் நான் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். (அடிக்க வராதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.) கருமுட்டை என்பது கூர்சீவிய பென்சில் வைத்த புள்ளி அளவுதான். ஆனால் தனியாக வராது. பிசுபிசுப்பான ஒரு மேகத்தைச் சுற்றிக்கொண்டு வரும். அந்தப் பிசுபிசுப்பால் சில சமயம் ஊசியின் உள்துளையிலேயே ஒட்டி நின்றுவிடும். அதனால் கடைசியாக ஊசியையும் கழுவி, கழுவிய திரவத்தையும் ஜன்னலுக்குத் தர வேண்டும். தன்னிடம் பயின்ற அத்தனை டாக்டர்களையும் இதற்காக நம் டாக்டர் திட்டியிருக்கிறார். “ஊசியைக் கழுவாம எழுந்திரிக்கிறவங்க என் கண்ணுல படாதீங்க” என்பது அந்தக் கட்டடத்தில் ஒரு கேலிப்பேச்சாகவே ஆகியிருந்தது. இன்னொன்று: வெளியே கிடக்கும் ஊசி சீக்கிரம் ஆறிவிடும். குளிர்ந்தால் முட்டைக்குள் இருக்கும் நுண்ணிழைகள் குலைந்துபோகலாம்.

அவ்வளவுதான் விளக்கம். தட்டு உலோகத் தட்டு. ஊசி அதில் கிடந்தது.

டாக்டர் புதுக் கையுறை மாட்டிக்கொண்டார். வெதுவெதுப்பான திரவத்தை ஊசிக்குள் செலுத்தி, சொட்டுச் சொட்டாகக் குழாயில் இறக்கி, ஜன்னலில் நீட்டினார். வராந்தாவில் யாரோ சிரித்தார்கள். யாரோ அதட்டி அடக்கினார்கள்.

“இருக்கு.” கொஞ்சம் பொறுத்து, தாழ்ந்த குரலில்: “இருக்குக்கா. ஆனா ஆறிப்போன ஊசியில இருந்திருக்கு.”

டாக்டர் ஸ்டூலை இழுத்து ஓட்டுநரின் முகத்தருகே உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொன்னார். முட்டை ஊசிக்குள்ளேயே இருந்தது. முதலிலேயே கழுவியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன். குளிர்ந்ததில் கெட்டிருக்கலாம், கெடாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

தையல்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி டாக்டர் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு சொன்னார்: “கடைசி ஸ்டாப் வந்தும் இறங்காம தூங்கிட்டிருக்கிற ஆளு டாக்டர் அது. நாங்க தினம் பாக்கிறதுதான். எழுப்பி இறக்கிட்டீங்கல்ல, விடுங்க.”

டாக்டர் சிரித்துவிட்டாராம். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டாராம். பூங்கொத்தோடு நின்றவர்கள் பிரிவு ஏக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

7

அப்புறம்?

அந்த முட்டை கருவானது என்றும், நம் டாக்டரின் இடத்துக்கு வந்த புது டாக்டர் அதைக் கருப்பைக்குள் வைத்தார் என்றும் மட்டும் ஜன்னல் சொன்னார். முடிவைத் தொலைபேசியில் சொல்வது எப்போதும் நம் டாக்டரின் வேலை. உண்டோ இல்லையோ, ஒரே குரலில், உட்கார்ந்துகொண்டுதான் சொல்வார். இந்த முறை அது புது டாக்டரின் வேலை. ஜன்னலுக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். ஆனால் “எங்கிட்ட சொல்லிடாதே” என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறார்.

ஏன் என்று கேட்டேன்.

“நல்லதா இருந்தா தப்பிச்சேன்னு தோணும். இல்லைன்னா அந்த ட்ரேயைத்தான் நினைச்சுக்கிட்டு இருப்பேன். ரெண்டுமே என்னைப் பத்தினதா ஆயிடும். அது அந்தப் பொண்ணோடது.”

அப்படியும் விடாமல் இரண்டு முடிவுகள் எழுதி அனுப்பினேன். ஒன்றில் தையல்காரர் உள்ளங்கை அகலச் சட்டை ஒன்று தைக்கிறார். மற்றதில் தைத்து வைத்ததைப் பிரித்து—

இரண்டிலும் பழைய கோடு. “கையேட்டோட கடைசிப் பக்கம் மறந்துபோச்சா?” என்று கேட்டார்.

மறக்கவில்லை. அச்சகத்தில் கடைசிப் பக்கத்தில் கொழுகொழுவென்று ஒரு குழந்தைப் படம் போட்டிருந்தார்கள். டாக்டர் அதை எடுக்கச் சொன்னார். “வெறுங்கையோட வீட்டுக்குப் போறவங்க பையிலயும் இந்தக் கையேடு இருக்கும்ல.” அந்த இடத்தில் தொலைபேசி எண்ணை மட்டும் போட்டோம்.

8

ஒன்றைச் சொல்லாமல் முடிக்கக்கூடாது. ஓட்டுநர் என்பது நான் வைத்தது. அந்தப் பெண் தன் தொழிலை வைத்து ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்தார் என்பதோடு டாக்டர் நிறுத்திக்கொண்டார். மேலே சொன்னால் ஆள் தெரிந்துவிடும். தையல்காரரும் அப்படித்தான். பேருந்து என்னுடையது. நான் கொண்டுவந்த வண்டியை நானே நிறுத்த வேண்டும் அல்லவா? ஆகவே கடைசியாக ஒரு காட்சி, முழுக்க என் கற்பனை.

காலை. செய்வதற்கு வேலை எதுவும் இல்லாத டாக்டர் வீட்டை விட்டுக் கிளம்பி, பழைய மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எதிரே உள்ள நிறுத்தத்துக்கு வருகிறார். இத்தனை வருடம் காரில் போனவருக்கு எந்த வண்டி எங்கே போகும் என்று தெரியாது. அந்தப் பெண் ஓட்டும் தடம் இது என்பது மட்டும் தெரியும். சாலைக்கு அப்பால் பழைய படிக்கட்டு தெரிகிறது. திருப்பத்தில் அதே வெயில். கை தன்னையறியாமல் நெஞ்சருகே போய் எதையோ அணைத்துக்கொள்கிறது.

வளைவில் பேருந்து திரும்புகிறது. முன்கண்ணாடியில் சூரியன் பளீரென்று அடிப்பதால் ஓட்டுநர் இருக்கையில் யார் என்று தெரியவில்லை. வேறு ஆளாக இருந்தால் அந்தப் பெண் விடுப்பில் இருக்கலாம், அல்லது இன்று அவருக்கு மாலை வேலையாக இருக்கலாம். அவராகவே இருந்தால் முயற்சி வீணாகியிருக்கலாம், அல்லது இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று யாராவது சொல்லியிருக்கலாம். அந்த இருக்கையில் யாரை உட்காரவைப்பது என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

நிறுத்தத்தில் ஒரே ஒருவர்தான் நிற்கிறார். வண்டி நிற்கும்.